தாமிர பாய்லர் முதல் கீசர் வரை: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?



சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை, குளியலறையிலிருந்து என் துணைவியார் குரல் கொடுத்தார். "ஏங்க, குழாயைத் தொட்டா சுர்ருங்குது. கொஞ்சம் வந்து பாருங்க." கை மரத்துப்போவது அவருக்கு ஏற்கெனவே உள்ள தொந்தரவு. அதனால் முதலில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு நானே ஈரக் கையால் குழாயைத் தொட்டேன். சுர்ரென்றது. உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டேன்.

அந்தக் கீசருக்கு வயது 11. பதினைந்து லிட்டர் கொள்ளளவு. இதைப் பழுது பார்ப்பதா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா என்று வீட்டில் நான்கு நாள் விவாதம் நடந்தது. அந்த நான்கு நாளும் வெந்நீரை அடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். அப்போது பழைய நினைவுகள் பல வந்தன. வெந்நீரின் வரலாற்றையும் எங்கள் வீட்டு முடிவையும் சேர்த்து எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

புதுச்சேரிக்காரர்களுக்குத் தண்ணீரின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபமே தண்ணீருக்காகக் கட்டிய நினைவுச் சின்னம்தான். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரைப்பாளையத்து நீரை நகருக்குக் கொண்டுவந்ததன் நினைவாக அதை எழுப்பினார்கள். தன் மாளிகையை இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டிய ஆயி என்ற பெண்ணின் கதையை நம் பாட்டிமார்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருக்குழாயில் வந்த தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும், சோப்பு நன்றாக நுரைக்கும். இன்று எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் அந்த இரண்டும் நடப்பதில்லை. இந்தத் தண்ணீர் மாற்றத்துக்கும் கீசர் கெட்டுப்போனதற்கும் தொடர்பு உண்டு. பின்னால் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இருந்தது தாமிர பாய்லர். இடுப்பளவு உயரம். நடுவில் புகைபோக்கிக் குழாய், அடியில் தணல் போடும் தட்டு, பக்கவாட்டில் பித்தளைக் குழாய். மேலே ஒரு செம்பு குளிர்ந்த நீர் ஊற்றினால் கீழே வெந்நீர் வரும். தேங்காய் மட்டை, சவுக்கு மிலாறு, கொட்டாங்கச்சி எல்லாம் அதற்கு இரை. எழுபதுகளில் நெய்வேலியிலிருந்து லெக்கோ கரி வந்த பிறகு புகை கொஞ்சம் குறைந்தது. தீபாவளிக்கு முதல் நாள் இரவு அம்மா அந்தப் பாய்லரைப் புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, மஞ்சள் கொத்து கட்டி, நீர் நிரப்பி வைப்பார். மறுநாள் அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நாங்கள் குளிரில் நடுங்கியபடி அதைச் சுற்றி நிற்போம்.

அந்தப் பாய்லரை என் தகப்பனார் மூன்று முறை பழுது பார்த்தார். அவர் பிரெஞ்சு ஆட்சியில் துவான் என்கிற சுங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியபோது அவருடைய மேசையும் நாற்காலியும் மாறவில்லை. எந்தப் பொருளையும் அவ்வளவு லேசில் மாற்ற மாட்டார்.

அன்று பழுது பார்ப்பவர்கள் வீட்டு வாசலுக்கே வந்தார்கள். "ஈயம் பூசலையோ ஈயம்" என்ற குரல் கேட்டதும் பித்தளைப் பாத்திரங்கள் வெளியே வரும். தெருவோரத்தில் குழி தோண்டி, துருத்தி வைத்து ஊதி, பாத்திரத்தைப் பழுக்கக் காய்ச்சி, நவச்சாரத் தூள் தூவி, ஈயத்தைத் துணியால் ஒரு சுற்று சுற்றினால் உள்பக்கம் வெள்ளியாக மின்னும். அந்த வெள்ளைப் புகையின் நெடி இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஈயம் பூசுவது சமைக்கும் பாத்திரங்களுக்குத்தான். குளிக்கும் பாய்லருக்குத் தேவையில்லை. பாய்லரில் ஓட்டை விழுந்தால் கன்னார் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

மூன்று முறை பற்றவைத்துக் கொடுத்த கன்னார், நான்காவது முறை பாய்லரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "இனி தகட்டில சதை இல்லீங்க. ஒரு இடத்தில பத்த வெச்சா பக்கத்தில கிழியும். காசு வாங்கிக்கிட்டு உங்களை ஏமாத்த நான் தயாராயில்லை" என்றார். அப்பா மறுபேச்சு பேசவில்லை. பழைய தாமிரத்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, மேலே கொஞ்சம் பணம் சேர்த்துப் பித்தளை அண்டா ஒன்று வாங்கி வந்தார். அந்தக் காலத்தில் இப்படித்தான் நடந்தது. பழையது எதுவும் குப்பைக்குப் போகாது, உருகி வேறொன்றாக மாறும்.

நிற்க. நம் வீட்டில் மட்டை எரிந்துகொண்டிருந்த காலத்திலும் அதற்கு முன்னாலும் வெளியுலகில் வெந்நீருக்கு என்னென்ன வழி கண்டார்கள் என்று பார்ப்போம்.

1868-இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் எரிவாயுவால் உடனுக்குடன் நீரைச் சுடவைக்கும் கருவி ஒன்றைச் செய்தார். ஐஸ்லாந்து நாட்டில் பூமிக்குள்ளிருந்து பீறிட்டு எழும் வெந்நீர் ஊற்றின் பெயர் கெய்சிர். அந்தப் பெயரைத்தான் தம் கருவிக்கு வைத்தார். நாம் இன்று சொல்லும் கீசர் அதிலிருந்து வந்ததே. அந்தக் கருவியில் புகை வெளியேறக் குழாய் இல்லை. எரிந்த வாயு குளியலறைக்குள்ளேயே சுற்றும். எனவே ஆபத்தானதாக இருந்தது. 1889-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், நார்வேயில் பிறந்த எட்வின் ரூட் என்ற பொறியாளர் நீரைத் தொட்டியில் தேக்கித் தானாகவே சுடவைக்கும் கருவியை உருவாக்கினார்.

ஷவருக்குப் பிரெஞ்சில் துஷ் என்று பெயர். பலரும் அதைப் பணக்காரர்களின் வசதி என்று நினைக்கிறார்கள். பிரான்சில் அது பரவியது ஒரு சிறைச்சாலையிலிருந்து. ரூவான் நகரச் சிறையின் மருத்துவர் மெர்ரி தெலபோஸ்த், 1872 வாக்கில் கைதிகளுக்குச் சுகாதாரம் வேண்டும், தண்ணீரும் விறகும் சிக்கனமாகவும் இருக்க வேண்டும் என்று யோசித்து, தொட்டிக்குப் பதிலாக மேலிருந்து வெந்நீர் தெளிக்கும் ஏற்பாட்டைச் செய்தார். பின்னர் அது படைமுகாம்களுக்கும் பள்ளிகளுக்கும் போயிற்று.

மின்சாரத்தால் வெந்நீர் கிடைப்பதற்கு அடிப்படை, மான்செஸ்டர் பக்கத்தில் பீர் ஆலை நடத்திய குடும்பத்துப் பிள்ளை ஜேம்ஸ் ஜூல் 1840-களின் தொடக்கத்தில் கண்டறிந்த விதி. பள்ளியில் எங்களுக்கு அதை "எஃபே ழூல்" என்று கற்றுக்கொடுத்தார்கள். கம்பியில் மின்சாரம் ஓடினால் சூடு பிறக்கும். மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும். ஆனால் சிவக்கச் சிவக்கக் காய்ந்தாலும் துருப்பிடித்து உதிராத கம்பி வேண்டுமே? அது 1906-இல் கிடைத்தது. அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ், நிக்கலையும் குரோமியத்தையும் கலந்து செய்த உலோகத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதுதான் நிக்ரோம். நம் இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர், கீசர் எல்லாவற்றின் உள்ளேயும் இருப்பது அந்த வகைக் கம்பிதான்.

பிரேசில் நாட்டில் இந்தக் கம்பியை ஷவர் தலைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். தொட்டி இல்லை, காத்திருப்பும் இல்லை. குழாயைத் திறந்தால் அங்கேயே சூடாகி விழும். அந்நாட்டில் கோடிக்கணக்கான வீடுகளில் இன்றும் இதுதான். கம்பி அறுந்துபோனால் கடையில் சில்லறைக் காசுக்கு மாற்றுக் கம்பி கிடைக்கும், வீட்டுக்காரரே மாட்டிக்கொள்வார். பழுது பார்ப்பதை எளிதாக்கி ஒரு பொருளைச் செய்தால், அதைத் தூக்கி எறியும் கேள்வியே எழுவதில்லை. நம் ஊரில் தொட்டி வைத்த கீசர்தான் அதிகம்.

இப்போது எங்கள் வீட்டுக் கீசருக்கு வருகிறேன்.

முதல் நாள் நான் போட்ட கணக்கு அலுவலகக் கணக்கு. முப்பது வருடங்களுக்கு மேல் கோப்பு எழுதிய கை சும்மா இருக்காதல்லவா? அரசு அலுவலகத்தில் ஒரு மின்விசிறியைக் கழிக்க வேண்டுமென்றால் தளவாடப் பதிவேட்டில் வாங்கிய தேதி பார்க்க வேண்டும், பழுது மதிப்பீடு வாங்க வேண்டும், இன்றைய மதிப்போடு ஒப்பிட வேண்டும், இனிப் பயன்படாது என்று பொறுப்பான அதிகாரி சான்று தர வேண்டும். அப்புறம்தான் ஏலம். அதே முறையில் ஒரு தாளில் எழுதினேன். பழுது பார்க்க எலக்ட்ரீஷியன் சொன்ன தொகை ரூ. 1,800. புதிய கீசர் ரூ. 7,500. ஏற்கெனவே ஆறாவது வருடத்தில் ஒரு முறை காயில் மாற்றியாயிற்று. 1,800 ரூபாயில் இன்னும் நாலு வருடம் ஓடினால் லாபம். ஆகவே பழுது பார்ப்பது என்று முடிவெடுத்து, கீழே கையெழுத்தும் போட்டேன்.

என் துணைவியார் அதைப் படித்துவிட்டு, "சுர்ருனு அடிச்சதுக்கு இதுல எந்தப் பத்தியில பதில் இருக்கு?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் தம்பி, எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வயரிங் செய்தவரின் மகன். "கழட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம் ஐயா" என்றார். அடிமூடியைத் திறந்ததும் காயிலைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகக் கல் போல் படிந்திருந்தது. பிரெஞ்சில் இதைக் கல்கேர் என்போம், சுண்ணாம்புப் படிவு. நம் கிணற்று நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, நீர் சூடாகும்போது கரைந்த நிலையில் இருக்க முடியாமல் வெளியே வந்து சூடான இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. படிவம் தடித்தால் காயிலின் சூடு நீருக்குப் போகாது. காயில் அளவுக்கு மேல் காய்ந்து அதன் மேலுறை விரிசல் விடும். உள்ளே கம்பியைச் சுற்றி நிரப்பியிருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை உறிஞ்சும். பிறகு மின்சாரம் கம்பியை விட்டு உறைக்கும், உறையிலிருந்து தொட்டிக்கும், தொட்டியிலிருந்து குழாய்க்கும் கசியும். என் துணைவியார் கையில் பட்டது அந்தக் கசிவுதான்.

அந்தத் தம்பி மீட்டரை வைத்துப் பார்த்தார். இரண்டு கிலோவாட் காயிலுக்கு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 26 ஓம் காட்ட வேண்டும். காட்டியது. அதாவது கம்பி அறுந்துபோகவில்லை, நீரும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது. வேலை செய்கிற பொருளைக் கெட்டுப்போனது என்று யார் நினைப்பார்கள்? கம்பிக்கும் உறைக்கும் இடையே மீட்டர் எதையுமே காட்டக் கூடாது. அங்கேதான் முள் அசைந்தது.

அடுத்து அவர் ஒரு மெல்லிய கம்பியை எடுத்துக் காட்டினார். "இது ஆனோடு ஐயா. வாங்கும்போது கட்டைவிரல் தடிமன் இருந்திருக்கும். முழுசா கரைஞ்சு போச்சு." இந்த ஆனோடுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1824-இல் ஹம்ஃப்ரி டேவி என்ற விஞ்ஞானியிடம் பிரிட்டிஷ் கடற்படை ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. கப்பல்களின் அடியில் அடித்திருந்த தாமிரத் தகடுகளை உப்புநீர் அரித்துக்கொண்டிருந்தது. தாமிரத்தோடு துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்துப் பொருத்தினால், அந்த உலோகம் தன்னை அரிக்கக் கொடுத்துத் தாமிரத்தைக் காக்கும் என்று டேவி கண்டார். தகடு அரிக்கவில்லை. ஆனால் கரையும் தாமிரத்தின் நஞ்சுதான் அதுவரை சிப்பியையும் பாசியையும் அண்டவிடாமல் வைத்திருந்தது. அது நின்றதும் அவை அடியில் ஒட்டி வளர்ந்து கப்பலின் வேகத்தைக் குறைத்தன. கடற்படை அதைக் கைவிட்டது. கீசர் தொட்டிக்குள் சிப்பி வளராது. அதனால் டேவியின் யோசனை அங்கே நன்றாகவே பயன்படுகிறது. இரும்புத் தொட்டியைக் காக்க ஒரு மக்னீசியத் தண்டு தன்னைக் கரைத்துக்கொள்கிறது. அது தீர்ந்துபோனால் அடுத்ததாகத் தொட்டி அரிக்கத் தொடங்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பார்த்து மாற்றியிருந்தால் சில நூறு ரூபாயோடு போயிருக்கும். பதினோரு வருடத்தில் அப்படி ஒன்று உள்ளே இருப்பதே எனக்குத் தெரியாது.

தொட்டியின் அடி இணைப்பில் விரலால் தடவினார். செம்பழுப்பாகத் துரு வந்தது, இரண்டு இடத்தில் ஈரம் கசிந்திருந்தது. "காயிலு, தெர்மோஸ்டாட், வால்வு எல்லாம் மாத்தலாம் ஐயா. தொட்டிய மாத்த முடியாது. வாங்குற காசுக்கு நான் காயிலு போட்டுத் தரேன். ஆனா ஆறு மாசத்துல திரும்பக் கூப்பிடுவீங்க" என்றார். ஐம்பது வருடத்துக்கு முன் கன்னார் சொன்னதும் இதுதான், தகட்டில் சதை இல்லை. கீசரைக் கழிப்பது என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. "காயில்ல கசிவு இருந்தாலும் எர்த்து சரியா இருந்தா கையில அடிச்சிருக்கக் கூடாதே" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் மூன்று பின் பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தார். பச்சை வயர் ஒழுங்காக முடுக்கியிருந்தது. அந்த வயரைப் பிடித்துக்கொண்டு போனால் அது முற்றத்துச் சுவரோரம் இறங்கி டைல்ஸுக்கு அடியில் மறைந்தது. "எர்த்து குழி எங்கே ஐயா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவருடைய அப்பா உப்பும் கரியும் மாற்றி மாற்றிப் போட்டுக் குழாய் புதைத்து அந்தக் குழியை அமைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கோடையில் அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனார். ஒன்பது வருடத்துக்கு முன் முற்றத்துக்கு டைல்ஸ் போட்டபோது, தரை சமமாக இருக்கட்டும் என்று அந்தக் குழியை மூடச் சொன்னது நான்தான். அன்று கொத்தனார் கடப்பாரை பட்டு வயர் அறுந்திருக்க வேண்டும். டைல்ஸைப் பெயர்த்தபோது இரண்டு முனையும் பிரிந்து கிடந்தன.

பிரெஞ்சில் எர்த்துக்குப் பிரீஸ் தெ தேர் என்று பெயர். மண்ணைப் பற்றிக்கொள்ளும் இடம் என்று பொருள். இயற்பியல் வகுப்பில் படத்தோடு வரைந்து மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். ஒன்பது வருடம் என் மனைவியும், விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளும் அந்த எர்த்து இல்லாத கீசரில்தான் குளித்தார்கள். நான் எழுதிய கணக்குத் தாளின்படி 7,500 ரூபாய்க்குப் புதுக் கீசர் வாங்கி மாட்டியிருந்தாலும் இந்த ஆபத்து அப்படியே இருந்திருக்கும். காயிலை மாற்றியிருந்தாலும் அப்படியே. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்தது. புதிய எர்த்து குழி, அதற்குத் திறந்து பார்க்க ஒரு மூடி. மெயின் பலகையில் 30 மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்று. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள புதிய கீசர். செலவு நான் நினைத்ததைப் போல் இரு மடங்கு. பழைய கீசர் பழைய இரும்புக் கடைக்குப் போனது. காயிலின் தாமிரத்துக்குத் தனி விலை போட்டுக் கொடுத்தார்கள். அதில் அப்பா ஞாபகம் வந்தது.

இந்த வயதில் நம்மில் பலர் வீட்டிலும் பத்து வருடத்தைத் தாண்டிய கீசர் இருக்கும். எனவே நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெந்நீர் சூடு குறைந்தாலோ, நேரம் அதிகம் எடுத்தாலோ அது காயில், தெர்மோஸ்டாட், சுண்ணாம்புப் படிவு இவற்றில் ஒன்றாக இருக்கும். பழுது பார்ப்பதே சரி. நீர் பழுப்பாக வந்தாலோ, தொட்டியே கசிந்தாலோ மாற்றிவிட வேண்டும், பேரம் வேண்டாம். குழாயில் லேசாகச் சுர்ரென்றாலும் மெயினை அணைத்துவிட்டு, கீசரைப் பார்க்கும் முன் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அதைப் பார்க்காமல் பழுது பார்த்தாலும் மாற்றினாலும் இரண்டும் ஒன்றுதான்.

தாமிர பாய்லரின் பழுது கண்ணுக்குத் தெரிந்தது. சொட்டினால் ஓட்டை, கரிந்தால் அடைப்பு. கீசரின் பழுதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதைப் பார்க்கத் தெரிந்தவரை அழைத்து, அவர் சொல்வதைக் காதில் வாங்க வேண்டும். வீட்டில் ஒருவர் "சுர்ருங்குது" என்று சொன்னால் அதையும் காதில் வாங்க வேண்டும்.

இந்த மாதம் முதல் எர்த்து குழிக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். எண்ணெய்க் குளியலுக்கு முன் அது என் வேலை. ஊற்றியாயிற்றா என்று உள்ளேயிருந்து கேட்ட பிறகுதான் குளியலறைக் கதவு சாத்தப்படுகிறது.